பயணமா, சேமிப்பா? கடக்வாஸ்லா அரசு ஊழியர் குடும்பங்கள் முன் ஓராண்டு அவகாசம்

புணே: மத்திய அரசு ஊழியர்களுக்கான விடுப்புப் பயணச் சலுகையின் 2022-25 தொகுதி, கடந்த டிசம்பர் 31-ஆம் தேதியுடன் நிறைவடைந்தது. அத்தொகுதியில் பயணம் மேற்கொள்ளாதவர்களுக்கு அடுத்த தொகுதியின் முதலாண்டு வரை விதிகள் அவகாசம் அளிக்கின்றன. 2026 டிசம்பர் 31-க்குள் புறப்படாவிட்டால் அவ்வுரிமை காலாவதியாகிவிடும்.

புணேயின் தென்மேற்கே முட்டா நதி அணையை ஒட்டி அமைந்துள்ள கடக்வாஸ்லாவில் இது வெறும் அலுவலகச் சுற்றறிக்கை அன்று. பல வீடுகளின் வரவு செலவுக் கணக்கு. தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் சிவில் பணியாளர்கள், மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையத்தின் ஊழியர்கள் என மத்திய அரசுச் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் இங்கு ஏராளம். சொந்த ஊர் தமிழகத்திலோ கேரளத்திலோ இருப்பவர்களும் அவர்களில் உண்டு. கொரோனா காலத்தில் கரைந்த கையிருப்பை மீட்பதா, குழந்தைகளின் விடுமுறையில் குடும்பத்தோடு புறப்படுவதா என்பதே அவர்கள் முன் உள்ள கேள்வி.

சலுகை எவ்வளவு தாராளமானது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நான்காண்டுத் தொகுதியில் இருமுறை சொந்த ஊருக்கோ, அல்லது ஒருமுறை சொந்த ஊருக்கும் ஒருமுறை நாட்டின் எந்தப் பகுதிக்குமோ சென்றுவரலாம். போக்குவரத்துக் கட்டணத்தை மட்டுமே அரசு திருப்பித் தரும். விடுதி வாடகை, உணவு, உள்ளூர் வாகனம் அனைத்தும் ஊழியரின் பொறுப்பு. எனவே ‘இலவசப் பயணம்’ என்று பேச்சுவழக்கில் கூறப்பட்டாலும், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது இலவசமாக முடிவதில்லை. இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது சரண் விடுப்பு. ஒவ்வொரு பயணத்தின்போதும் பத்து நாள் வரை ஈட்டிய விடுப்பை ஒப்படைத்து ரொக்கம் பெறலாம். பணிக்காலம் முழுவதற்கும் வரம்பு 60 நாள். ஓய்வின்போது கிடைக்கும் 300 நாள் விடுப்புப் பணத்தில் இது கழிக்கப்படுவதில்லை. பயணம் செல்லாதவருக்கு இத்தொகை கிடைக்காது. ஆக, வீட்டிலேயே இருந்துவிடுவதாலும் ஒரு வகையில் இழப்பு உண்டு.

இந்த முடிவில் அரசே ஒருமுறை தலையிட்டது. 2020 அக்டோபர் 12-ஆம் தேதி மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், பயணச் சலுகைக்கு மாற்றாக ரொக்கத் திட்டத்தை அறிவித்தார். கொரோனாவால் 2018-21 தொகுதியில் பயணம் செய்ய இயலாதவர்கள் கட்டணத்துக்கு ஈடான தொகையைப் பெறலாம். ஆனால் அதைப் போல் மூன்று மடங்கு தொகைக்கு, 12 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஜிஎஸ்டி விதிக்கப்படும் பொருள்களையோ சேவைகளையோ 2021 மார்ச் 31-க்குள் மின்னணுப் பரிவர்த்தனையில் வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. ரயில் பயணத் தகுதியுடையோருக்கு நபருக்கு ரூ. 6,000, விமானச் சாதாரண வகுப்புக்கு ரூ. 20,000, உயர் வகுப்புக்கு ரூ. 36,000 என நிர்ணயிக்கப்பட்டது.

அதன்படி விமானச் சாதாரண வகுப்புத் தகுதியுள்ள நால்வர் குடும்பம் ரூ. 80,000 பெற ரூ. 2.40 லட்சம் செலவிட வேண்டியிருந்தது. கைப்பணம் ரூ. 1.60 லட்சம். ரயில் தகுதியுள்ள குடும்பத்துக்கோ கிடைப்பது ரூ. 24,000, சொந்தச் செலவு ரூ. 48,000. அரசு ஊழியர்களின் சேமிப்பு உயர்ந்துள்ளதாகவும், அதைச் சந்தைக்குக் கொண்டுவருவதே நோக்கம் என்றும் அப்போது விளக்கம் அளிக்கப்பட்டது. பொருளாதாரத்தின் பார்வையில் அதில் தவறில்லை. குடும்பத்தின் பார்வையில், பயணமும் இல்லை, சேமிப்பும் இல்லை; வீட்டில் புதிய குளிர்சாதனப் பெட்டி மட்டும் இருந்தது. ஏற்கெனவே பெரிய கொள்முதலுக்குத் திட்டமிட்டிருந்தவர்களுக்கே அத்திட்டம் உண்மையில் பயன்பட்டது.

நாட்டின் புள்ளிவிவரங்களும் அதே பாதையைக் காட்டுகின்றன. ஊரடங்கு ஆண்டான 2020-21-இல் ரூ. 23.29 லட்சம் கோடியாக இருந்த குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, 2022-23-இல் ரூ. 14.16 லட்சம் கோடியாகக் குறைந்தது. அதே காலத்தில் குடும்பங்களுக்கு வங்கிகள் வழங்கிய கடன் ரூ. 6.05 லட்சம் கோடியிலிருந்து ரூ. 11.88 லட்சம் கோடியாக உயர்ந்தது. இதில் ஒரு பகுதி வீட்டுக் கடன் என்பதால், முழுவதையும் ஊதாரித்தனம் எனக் கொள்வது பிழை. எனினும் ஈடில்லாத நுகர்வோர் கடன்களின் வேகம் ரிசர்வ் வங்கியைக் கவலைகொள்ளச் செய்தது. 2023 நவம்பரில் அவற்றுக்கான இடர் மதிப்பை 100 சதவீதத்திலிருந்து 125 சதவீதமாக அவ்வங்கி உயர்த்தியது.

தவணையில் சுற்றுலா செல்வோர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. ரூ. 1.50 லட்சத்தை 16 சதவீத வட்டியில் இரண்டாண்டுத் தனிநபர் கடனாகப் பெற்றால் மாதத் தவணை சுமார் ரூ. 7,344, வட்டி மட்டும் ரூ. 26,000-ஐத் தாண்டும். அதே தவணையை 6 சதவீத வட்டி தரும் தொடர் வைப்பில் செலுத்தினால் இருபதே மாதத்தில் ரூ. 1.54 லட்சம் சேர்ந்துவிடும். பயணம் இருபது மாதம் தள்ளிப்போகும், அவ்வளவே. பத்தாம் வகுப்பை எட்டும் பிள்ளையோ வயது முதிர்ந்த பெற்றோரோ உள்ள வீட்டில் இருபது மாதம் சிறிய காலம் அன்று என்பதையும் மறுக்க முடியாது.

மறுபுறம், சேமிப்பில் விழுந்த ஓட்டை தானாக அடைவதில்லை. 2020 மார்ச்சில் வருங்கால வைப்பு நிதியிலிருந்து கொரோனா முன்பணம் எடுக்கத் தனியார் துறைத் தொழிலாளர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. அத்தொகையைத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லை என்பதே அதன் வசதி. அதுவே அதன் ஆபத்தும்கூட. அன்று எடுத்த ரூ. 75,000, தற்போதைய 8.25 சதவீத வட்டி நீடிக்குமானால், இருபது ஆண்டுகளில் ரூ. 3.66 லட்சமாக வளர்ந்திருக்கும். விருப்பப் பங்களிப்பை உயர்த்தி அதை ஈடுசெய்ய வழி உண்டு. ஆனால் மாதச் சம்பளத்தில் பிடித்தம் கூடுவதை எத்தனை குடும்பங்கள் ஏற்கும்?

வரிச் சலுகையும் இப்போது முடிவுக்குத் துணை நிற்பதில்லை. 2023-24 முதல் இயல்பான தேர்வாகியுள்ள புதிய வருமான வரி முறையில் பயணச் சலுகைக்கான விலக்கும் இல்லை, சேமிப்புக்கான 80சி கழிவும் இல்லை. பயணத்துக்கு ஆதரவாக இருப்பது 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி குறைப்பு. நாளொன்றுக்கு ரூ. 7,500 வரையிலான விடுதி அறைகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, மூன்று மாதச் செலவுக்கேனும் கையிருப்பு உள்ள நிரந்தர ஊழியர், தங்கும் செலவைச் சரண் விடுப்புப் பணத்துக்குள் அடக்க முடிந்தால், இவ்வாண்டு புறப்படுவதே லாபம். தமிழகத்தைச் சொந்த ஊராகப் பதிவு செய்தவர்களுக்கு உறவினர் வீடு இருப்பதால் கணக்கு இன்னும் எளிது. சொந்த ஊர்ப் பயணத்துக்குப் பதிலாக வடகிழக்கு மாநிலங்கள், அந்தமான், ஜம்மு காஷ்மீர், லடாக் செல்வதற்கான சிறப்புச் சலுகை 2026 செப்டம்பர் 25 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. அங்கு விடுதிச் செலவே பெரும் பங்காகும். கடன் அட்டையில் நிலுவை வைத்திருப்பவருக்கு அச்சலுகையாலும் பயனில்லை.

அதே அலுவலக வளாகங்களில் பணிபுரியும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இச்சலுகை எதுவும் கிடையாது. அவர்களுடைய விடுமுறை பெரும்பாலும் அருகிலுள்ள சிம்மகட் கோட்டையோடும், அங்கு விற்கும் பிட்லா-பாக்ரியோடும் முடிந்துவிடுகிறது. மழைக்கால வார இறுதிகளில் புணே நகரமே அணைக்கரைக்குத் திரண்டு வரும்போது, சாலையோரம் சோளக்கதிர் சுட்டு விற்பவர்களுக்கு அதுவே ஆண்டின் சேமிக்கும் பருவம்.