மரண பயமும் சுயமரியாதையும்

பிறந்தவர் சாவார் என்பதை அறியாதவர் நம்மில் எவருமில்லை. ஆனால், அந்த அறிவு மனிதனை என்ன பாடுபடுத்துகிறது என்று யோசிப்பவர்கள் வெகு சிலரேயாவார்கள்.

நாஞ்சில் நாட்டில், உயிரோடிருந்தபோது கஞ்சிக்கும் மருந்துக்கும் காசு கிடைக்காத கிழவனுக்கு, செத்த பிறகு பதினாறாம் நாள் அடியந்திரம் கடன் வாங்கியாவது நடக்கிறது. ஆடி அமாவாசையில் கன்னியாகுமரிக் கடலோரம் பலி தர்ப்பணக் கூட்டத்தால் நிறைகிறது. ஏனென்றால் “குடும்ப மரியாதை” என்கிறார்கள். இது மரியாதையா, பயமா என்று நாம் கேட்கிறோம். செத்தவனை நினைக்கும்போதே தன் சாவும் நினைவில் தட்டுகிறது. அந்த நடுக்கத்தை மறைக்கவே மனிதன் ஜாதியையும் குலப்பெருமையையும் மோட்சத்தையும் கட்டிக் கொள்கிறான்.

அமெரிக்க அறிஞர் எர்னஸ்ட் பெக்கர் 1973 இல் ஏறக்குறைய இதையே எழுதினார். பின்வந்த மனோதத்துவக்காரர்கள் இதைச் சோதனையில் இறக்கினார்கள். மனிதன் வாயால் சொல்லிக்கொள்ளும் மதிப்பு ஒன்று. அவனறியாமல் உள்மனத்தில் கிடக்கும் மதிப்பு வேறொன்று. சாவின் நினைவுக்கு ஈடுகொடுப்பது பின்னதே என்று 2009 இல் ஓர் ஆராய்ச்சி கூறிற்று. ஆனால் பல ஆராய்ச்சிக்கூடங்கள் கூடி, சாவின் நினைவால் மனிதன் மாறுகிறான் என்ற பழைய சோதனையைத் திரும்பச் செய்து 2022 இல் வெளியிட்ட முடிவில், அந்த விளைவு தென்படவில்லை. ஆகவே இதையும் வேதவாக்காகக் கொள்ளும்படி நாம் சொல்லவில்லை. அவரவர் தம் மனத்தையே சோதித்துப் பார்க்கட்டும்.

அப்படிச் சோதித்துக் கொண்டவர் பகத்சிங். 1930 அக்டோபரில் லாகூர் சிறையில், தூக்குக் கயிற்றை எதிர்பார்த்துக்கொண்டே, தாம் நாத்திகரான காரணத்தை எழுதினார். அகம்பாவத்தால் கடவுளை மறுக்கிறாய் என்ற நண்பர்களின் குற்றச்சாட்டுக்கே அதில் பதில் சொன்னார். நம்பிக்கை கஷ்டத்தை இலேசாக்கும் என்பதையும் ஒப்புக் கொண்டார். ஒப்புக்கொண்டும், மேலுலகக் கூலி எதுவும் எதிர்பாராமல், பிரார்த்தனை செய்ய மறுத்து, 1931 மார்ச் 23 இல் தமது 23 ஆவது வயதில் தூக்கேறினார். அந்தக் கட்டுரையைத் தமிழில் தந்தவர் நமது பூதப்பாண்டியில் பிறந்த ப. ஜீவானந்தம். சுயமரியாதை இயக்கத்தார் அதை வெளியிட்டார்கள். வெள்ளை அரசாங்கம் ஜீவாவைக் கைது செய்தது.

தோழர்களே! அகம்பாவம் வேறு, சுயமரியாதை வேறு. பிறர் மெச்சுவதற்காக வளர்வது அகம்பாவம். யாரும் காணாத இருட்டிலும் நிற்பது சுயமரியாதை. சாவை நினைத்தால் முன்னது ஜோசியனையும் புரோகிதனையும் தேடி ஓடும். பின்னது செய்ய வேண்டிய வேலையைத் தேடும்.

பெற்றோர் செத்த துக்கம் யாருக்கும் உண்டு, அழுவது இழிவல்ல. ஆனால் அந்தத் துக்கத்தை அடகு வைத்துக் கடன் வாங்க வேண்டுமா? அந்தப் பணம் உயிரோடிருக்கும் கிழவிக்குக் கஞ்சியாகவும், பிள்ளைக்குப் புஸ்தகமாகவும் ஆகக் கூடாதா? அடுத்த அடியந்திரத்திற்குக் கையெழுத்திடுமுன், இந்த ஒரு கேள்வியை ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக் கொள்வார்களாக.