திக்லிபூரின் தொட்டிலும் தில்லியின் கணக்கும்

புது தில்லி: அந்தமான் தீவுக்கூட்டத்தின் வடகோடியில் இருக்கிறது திக்லிபூர். தீவுகளின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர்) சாலை வழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அங்கு பிறக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் அங்கன்வாடி என்ன உணவு தர வேண்டும், அதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பதைத் தீர்மானிக்கும் இடம் தில்லி. அந்தமானுக்குச் சட்டப்பேரவை இல்லை. மக்களவையில் இருப்பது ஒரே ஓர் உறுப்பினர். எனவே அக்குழந்தையின் நலனில் குறை நேர்ந்தால், "அது மாநில அரசின் பொறுப்பு" என்று மத்திய அரசு கைகழுவ முடியாது.

குழந்தையின் முதல் இரண்டு ஆண்டு உணவு அதன் அறுபதாண்டு ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கான வலுவான சான்றுகளுள் ஒன்று தில்லியிலேயே கிடைத்தது. 1969 முதல் 1972 வரை தெற்கு தில்லியில் பிறந்த குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் ஆண்டுக்கணக்கில் அளந்துவந்த மருத்துவர்கள், அவர்களுள் 1,492 பேரை 26 முதல் 32 வயதில் மீண்டும் பரிசோதித்தனர். 2004-ல் வெளியான முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. சர்க்கரை நோய்க்கோ அதன் முன்நிலைக்கோ ஆளானவர்கள், பொதுவாக இரண்டு வயது வரை மெலிந்திருந்து, பின்னர் வேகமாக எடை கூடியவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூட உடல்பருமன் உள்ளவராக இல்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. மழலைப் பருவத்தில் போதிய புரதமும் நுண்சத்தும் கிடைக்காத உடல், தசையை வளர்ப்பதில் சிக்கனம் காட்டுகிறது. பின்னாளில் உணவு தாராளமாகக் கிடைக்கும்போது, சர்க்கரையைச் செலவிடத் தசை போதாமல் கொழுப்பு சேர்கிறது. ஏழைக்கு நோஞ்சான் உடல், பணக்காரனுக்குச் சர்க்கரை நோய் என்ற பழைய பாகுபாடு இனிச் செல்லாது. ஒரே மனிதன் தொட்டிலில் முதலாவதையும் நடுவயதில் இரண்டாவதையும் அனுபவிக்கிறான்.

பாதிப்பு உடலோடு நிற்பதுமில்லை. குவாதமாலா நாட்டின் சில கிராமங்களில் 1969 முதல் 1977 வரை குழந்தைகளுக்குப் புரதம் மிகுந்த கஞ்சி தரப்பட்டது. இரண்டு வயதுக்குள் அதைப் பெற்ற ஆண்கள், வளர்ந்த பின் மற்றவர்களைவிட மணிக்கு 46 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தனர். மூன்று வயதுக்குப் பின் பெற்றவர்களிடம் அந்தப் பலன் தென்படவில்லை. காலம் கடந்து ஊட்டுவது வயிற்றை நிரப்பலாம், இழந்ததை மீட்காது.

இந்த அளவுகோலில் அரசின் திட்டத்தைப் பார்க்க வேண்டும். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில், மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் அங்கன்வாடிக்கு வந்து சூடான உணவு உண்கிறார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலானோருக்கோ வீட்டுக்கு எடுத்துச்செல்லும் பொட்டலம்தான். வறிய வீட்டில் அந்தப் பொட்டலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்காகிவிடுகிறது. உணவு மிக அவசியமான வயதில்தான் அரசின் கண்காணிப்பு மிகக் குறைவாக இருக்கிறது.

2017-ல் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய் என்று நாடு முழுமைக்கும் ஒரே விகிதம் நிர்ணயிக்கப்பட்டது. பருப்பும் எண்ணெயும் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலேறி வரும் தீவுக்கும், அவை விளையும் மாவட்டத்துக்கும் ஒரே விலை என்று எண்ணுவது என்ன கணக்கு?

தமிழகம் இதில் வேறு வழி கண்டது. 1980-ல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளையே முதன்மையாகக் கருதி, மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு தந்தது. அங்கன்வாடியில் முட்டை வழங்குவதும் மாநிலமே எடுத்த முடிவு. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இருந்ததால் இது முடிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் மக்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். அவர்களின் பிள்ளைகளுக்கும், கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து திக்லிபூரில் காடு திருத்திக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அத்தகைய முடிவை எடுக்க உள்ளூரில் ஓர் அவை இல்லை.

தீவுகளின் நிலை நாட்டின் சராசரியைவிட மேல் என்று அதிகாரிகள் வாதிடக்கூடும். உண்மைதான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறார்கள். அந்தமானில் அது வெகுவாகக் குறைவு. ஆயினும் அங்கும் ஐந்தில் ஒருவருக்கு மேல் அந்நிலையில் இருப்பது பெருமைப்படத் தக்கதன்று. தலைநகருக்கு அருகில் இருப்போரும் திக்லிபூரின் உட்கிராமத்தாரும் ஒரே சராசரியில் கலந்துவிடும்போது, தொலைவில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்.

செய்ய வேண்டியவை அரியனவல்ல. நெல்லும் காய்கறியும் விளையும், கடல் மீன் கிடைக்கும் ஊர் திக்லிபூர். கப்பலில் வரும் பொட்டலத்தோடு நில்லாமல், உள்ளூர் முட்டையையும் மீனையும் மகளிர் குழுக்களிடமிருந்து வாங்க அனுமதிக்கலாம். தீவுகளுக்கென உணவுச் செலவு விகிதத்தைத் தனியே வகுக்கலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் வீட்டுக்கே சென்று எடைபார்க்கவும் தாய்க்கு வழிகாட்டவும் ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் இன்னொரு பணியாளரை நியமிக்கலாம். எடைக் கணக்கை வட்ட வாரியாக மக்கள் முன் வைக்கலாம்.

இவற்றுக்குப் பேரவைத் தீர்மானம் தேவையில்லை. மாநிலத்தின் பங்குத் தொகைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசத்தில் இத்திட்டத்தின் முழுச் செலவும் மத்திய அரசினுடையது. அதிகாரம் முழுவதையும் தன்னிடம் வைத்துக்கொண்ட தில்லி, பொறுப்பை மட்டும் கடலுக்கு அப்பால் விட்டுவிடக் கூடாது. இன்று திக்லிபூரில் பிறக்கும் குழந்தைக்கு இரண்டு வயது முடிய எழுநூற்று முப்பது நாள்களே இருக்கின்றன. கோப்புகள் அதைவிட விரைவாக நகர வேண்டும்.