வீட்டுப்பாடத்திற்கான நேரம் யாரிடம் இருக்கிறது?

மாணவர்கள் முயல்வதே இல்லை என்ற குறை ஆசிரியர் அறைகள் எங்கும் ஒலிக்கிறது. புனேயின் கிழக்கிலுள்ள ஹடப்சரும் விலக்கல்ல. மகர்பட்டாவின் கணினி நிறுவனங்களும் தொழிற்பேட்டையும் அருகருகே அமைந்த அப்பகுதியில், மராத்வாடாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளர், காய்கறி விற்போர், வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஆகியோரின் பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளிகளில் பயில்கின்றனர். எழுதப்படாத வீட்டுப்பாடம், முதல் பாடவேளையிலேயே கண்ணயரும் பிள்ளை, தேர்வுக்கு முந்தைய இரவு மட்டுமே திறக்கப்படும் புத்தகம் ஆகியவற்றை ஆண்டு முழுவதும் காணும் ஆசிரியரின் சலிப்பு உண்மையானது. அதைச் சாதித் திமிர் என்று முத்திரை குத்துவது அவசரத் தீர்ப்பு. கைபேசியின்மீது பழி போடுவதும் எளிதுதான். ஆனால் கைபேசி இல்லாத 1882லும் இக்கேள்வி இருந்தது.

அவ்வாண்டில் ஹண்டர் கல்விக் குழுவிடம் மனு அளித்த ஜோதிராவ் புலே, ஹடப்சரை அடுத்த மாஞ்சரியில் நிலம் வைத்துப் பயிரிட்டவர். 1855லேயே உழைப்போருக்கு இரவுப்பள்ளி நடத்தியவர். மாடு மேய்க்கவும் வயலைப் பார்க்கவும் பிள்ளை தேவைப்படுவதால் ஏழை உழவன் அவனைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று அவர் விளக்கினார். உதவித்தொகையும் பரிசும் வழங்குக, பன்னிரண்டு வயதுவரை கல்வியைக் கட்டாயமாக்குக, ஆசிரியரின் ஊதியத்தை உயர்த்துக என்று கோரினார். மாணவனின் உதவித்தொகையும் ஆசிரியரின் ஊதியமும் ஒரே மனுவில் இடம்பெற்றதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் ஒரு வியப்பான செய்தியை எடுத்துக்காட்டுகிறார். இங்கிலாந்தில் அரைநாள் ஆலையிலும் அரைநாள் பள்ளியிலும் இருந்த சிறுவர்கள், முழுநாள் பயின்றோருக்கு இணையாகவும் பல வேளைகளில் கூடுதலாகவும் கற்றனர் என்று தொழிற்சாலை ஆய்வாளர்கள் கண்டனர். ஆகவே வேலை செய்யும் பிள்ளையால் படிக்க முடியாது என்று பொதுவாகச் சொல்லிவிட இயலாது. அங்கே வேலைநேரத்திற்குச் சட்டம் வரம்பு விதித்திருந்தது; பள்ளிக்குரிய நேரத்தை முதலாளி தொட முடியாது.

இங்கே நடந்தது என்ன? மோடி அரசின் 2016ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்திருத்தம், பள்ளி முடிந்த பிறகும் விடுமுறையிலும் அபாயமற்ற குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று அனுமதித்தது. வீட்டுப்பாடம் எழுத வேண்டிய நேரத்தைச் சட்டமே கடைக்கும் பட்டறைக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டது. அதன்பின் 2019இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழி திறந்தனர். நேரத்தைப் பறித்தவருக்குத் தண்டனை இல்லை. தோல்வி பிள்ளைக்கு மட்டும்.

மாலையில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளியின் இரண்டு அறைகளை இரவு எட்டு மணிவரை திறக்கச் செய்வது கிளைகள் உடனே கையிலெடுக்கத்தக்க கோரிக்கை. விளக்கும் குடிநீரும் சிற்றுண்டியும் வேண்டும். உடனிருக்கும் ஆசிரியருக்குத் தனி ஊதியம் வேண்டும். ஆசிரியர் சங்கமும் பெற்றோரும் சேர்ந்தே இதைக் கேட்க வேண்டும். அந்த அறைக்கும் வந்து படிக்காத பிள்ளையை ஆசிரியர் கண்டிக்கட்டும். பெற்றோர் குறுக்கே வரமாட்டார்கள்.