இரண்டு சாட்சி சொன்னால் எரியும் விளக்கு!

நோய்ச் சோதனையின் முடிவு தவறாக வந்தால், ஒரு குடும்பமே கலங்கிப் போகும். இல்லாத நோயை "இருக்கிறது" என்று சொல்லிவிட்டால், அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே, சோதனைக்குக் கூர்மையான கண் மட்டும் போதாது. பொய் சொல்லாத வாயும் வேண்டும்.

இதற்கு நல்ல வழி காட்டியவர்கள், அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழக விஞ்ஞானிகள்.

செல்லுக்குள் சீட்டு

நம் உடலில் ஏறக்குறைய 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. "இந்தப் புரதத்தைச் செய்" என்று செல்லுக்குள் உத்தரவுச் சீட்டுகள் போகும். அந்தச் சீட்டின் பெயர், தூது ஆர்.என்.ஏ. எந்தச் செல்லில் எந்தச் சீட்டு இருக்கிறது என்று தெரிந்தால், அந்தச் செல் என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஆயிரம் செல்களை ஒன்றாக அரைத்துச் சோதித்தால், சராசரிதான் தெரியும். கெட்டுப்போன ஒரு செல், கூட்டத்தில் மறைந்துவிடும். செல்லை அது இருக்கும் இடத்திலேயே பார்க்க வேண்டும். ஆனால், சீட்டு மிகமிகச் சிறியது. அதில் ஒரே ஒரு விளக்கைக் கட்டினால் வெளிச்சம் போதாது.

சரவெடி போல...

2004-ம் ஆண்டில் ராபர்ட் டிர்க்ஸ், நைல்ஸ் பியர்ஸ் இருவரும் ஒரு வழி கண்டார்கள். டி.என்.ஏ. இழைகளைக் கொண்டை ஊசி போல மடங்கும்படி செய்தார்கள். ஊசிகள் இரண்டு வகை. அவை தாமாகச் சேராது. தூண்டும் இழை வந்து தொட்டால், முதல் ஊசி திறக்கும். அது இரண்டாவது ஊசியைத் திறக்கும். அது அடுத்ததைத் திறக்கும். சரவெடி போலத் தொடரும்! ஊசிகள் தாமே சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும்.

ஊசிகளில் ஒளிரும் சாயம் இருக்கும். சேராத ஊசிகளைக் கழுவிவிடுவார்கள். சீட்டு இருக்கும் இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். 2010-ம் ஆண்டில், வரிக்குதிரை மீனின் கருவில் 5 வகைச் சீட்டுகளை ஒரே நேரத்தில் காட்டினார்கள்.

பொய் வெளிச்சம்

ஒரு தொல்லை இருந்தது. தூண்டும் இழை தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டாலும் சரம் பற்றிக்கொள்ளும். அது பொய் வெளிச்சம்!

2018-ம் ஆண்டில், தூண்டும் இழையை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். இரண்டு பாதியும் ஒரே சீட்டில் அடுத்தடுத்து உட்கார்ந்தால்தான் சங்கிலி தொடங்கும். ஒரு பாதி மட்டும் வழி தவறி ஒட்டினால், விளக்கு எரியாது. ஒரு சாட்சி போதாது. இரண்டு சாட்சி வேண்டும்!

"இரண்டும் சேராவிட்டால், உண்மையே தவறிப் போகாதா?" என்று கேட்கலாம். அதற்காகத்தான் ஒரே சீட்டில் பல ஜோடிகளை ஒட்டுகிறார்கள்.

வெளிச்சத்தைக் கூட்டியது பெரிய காரியம்தான். ஆனால், பொய் வெளிச்சத்தை அடக்கியது அதைவிடப் பெரிய காரியம் என்பேன். இந்த முறை இன்று பெரும்பாலும் ஆராய்ச்சிக்கே பயன்படுகிறது. நாளை ஆஸ்பத்திரிக்கு எந்தப் புதுச் சோதனை வந்தாலும், "எவ்வளவு நுட்பமாகப் பார்க்கும்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. "இல்லாததை இல்லை என்று சொல்லுமா?" என்றும் கேட்க வேண்டும்.