ஜஸ்டின் கிரீனின் வேலைத்திறன்

சுயசரிதைக் காமிக்ஸின் தந்தை என்று ஜஸ்டின் கிரீனைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 2022 ஏப்ரலில், 76 வயதில், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் அவர் காலமானபோதும் அந்தப் பட்டத்தைச் சொல்லித்தான் அஞ்சலி செலுத்தினார்கள். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு சொல் துணிச்சல். தன் மனநோயை ஒளிக்காமல் வரைந்த துணிச்சல், நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுவதை அச்சில் ஏற்றிய துணிச்சல். அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் இந்த இதழைப் படிப்பவர்கள் கோடு போட்டும் எழுத்து எழுதியும் பிழைப்பவர்கள். துணிச்சல் என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. கூசும் விஷயங்களை எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்; அவற்றில் பெரும்பாலானவை மறுபடி படிக்கத் தூண்டுவதில்லை. 1972-இல் வெளிவந்த கிரீனின் 44 பக்கங்கள் ஐம்பது ஆண்டு தாண்டியும் நிற்கின்றன. அவர் வேலை தெரிந்தவர் என்பதுதான் அதற்குக் காரணம்.

அவர் பிறந்தது பாஸ்டனில், 1945-இல். வளர்ந்தது சிகாகோவில். அப்பா யூதர், அம்மா கத்தோலிக்கர். சிறுவயதில் கத்தோலிக்கப் பள்ளி, கன்னியாஸ்திரீகளின் கண்டிப்பு, பாவசங்கீர்த்தனம் என்று போன வாழ்க்கை. ரோட் ஐலண்ட் டிசைன் கல்லூரியில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தபோது, 1967-இல், ராபர்ட் கிரம்பின் காமிக்ஸ் கண்ணில் பட்டது. கோணல்மாணலான கட்டங்களில் திணித்து வைத்த முரட்டுக் கோடுகள். தைலவண்ண ஓவியம் தன் பாதை இல்லை என்று தெரிந்துபோனது. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த முதுகலைப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1968-இல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார்.

அங்கே அப்போது நடந்துகொண்டிருந்ததை அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் என்கிறோம். 1954-இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியைப் போட்டுக்கொண்டார்கள். அந்த விதிப்படி தேறியது என்ற முத்திரை இல்லாத புத்தகத்தைக் கடைகளுக்கு அனுப்பும் விநியோகஸ்தர் கிடைப்பது அரிது. முத்திரையே வேண்டாம், உங்கள் கடையும் வேண்டாம் என்று இளைஞர்கள் சிலர் தாங்களே மலிவான தாளில் அச்சடித்தார்கள். சுருட்டுத் தாளும் ராக் இசைச் சுவரொட்டியும் விற்ற ஹெட் ஷாப் என்னும் சிறு கடைகளில் போட்டு விற்றார்கள். கிரம்பின் ஜாப் காமிக்ஸ் 1968-இல் இப்படி வந்ததுதான். போதையும் பாலியலும் வன்முறையும் அவற்றில் ஏராளம். பெண்களை வரைந்த விதத்தில் மன்னிக்க முடியாதவையும் உண்டு. தொழில் என்ற முறையில் பார்த்தால் முக்கியமான விஷயம் வேறு. பெரிய கம்பெனிகளில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து ஓவியரின் உரிமையையும் வாங்கிக்கொண்டார்கள். அண்டர்கிரவுண்டில் பதிப்புரிமை வரைந்தவரிடமே இருந்தது. விற்பனையில் அவருக்குப் பங்கும் இருந்தது.

கிரீனின் புத்தகத்துக்கு 'பிங்கி பிரவுன் மீட்ஸ் தி ஹோலி வர்ஜின் மேரி' என்று பெயர். பிங்கி என்ற சிறுவன், வீட்டுக்குள் விளையாடும்போது மாதா சிலையை உடைத்துவிடுகிறான். அங்கிருந்து தொடங்கும் குற்ற உணர்ச்சி, வளர வளர அவனைச் சிறை வைக்கிறது. தன் உடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அசுத்தக் கதிர்கள் கிளம்பி, சுவர்களைத் துளைத்துக்கொண்டு போய், மாதா கோவில்களையும் சிலைகளையும் தீண்டுகின்றன என்று அவன் நம்புகிறான். முதலில் ஓர் உறுப்பு. பிறகு கைவிரல், கால்விரல். பிறகு சுற்றியிருக்கும் பொருள்கள் எல்லாமே கதிர் வீசுகின்றன. உட்காருவது, நடப்பது, கையை நீட்டுவது என எதைச் செய்யுமுன்னும் கணக்குப் போட வேண்டும். இன்று இதற்கு ஓசிடி, எண்ணச் சுழற்சி நோய் என்று மருத்துவப் பெயர் இருக்கிறது. வரைந்த காலத்தில் கிரீனுக்கு அந்தப் பெயர் தெரியாது. நோய் என்னவென்று அவருக்குச் சொல்லப்பட்டது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

நம்மில் ஒருவர் இதை வரைய உட்கார்ந்தால் எப்படித் தொடங்குவோம்? ஞாபகத்தில் முதலில் வருவதை முதல் கட்டத்தில் போட்டுவிடுவோம். கிரீன் அப்படிச் செய்யவில்லை. சில மாதங்களை அட்டைகளுக்கே செலவிட்டார். நடந்த சம்பவம் ஒன்று, தன்னிடமிருந்த விசித்திரப் பழக்கம் ஒன்று என்று அட்டை அட்டையாகக் குறித்து வைத்துக்கொண்டு, எது எதற்குப் பிறகு வர வேண்டும் என்று தீர்மானித்த பிறகுதான் மையைத் தொட்டார். கிட்டத்தட்ட ஓராண்டு வேலை. 1971-இன் பெரும்பகுதி அதிலேயே போனது. வாழ்க்கைச் சம்பவங்களை வைத்து நமக்கு வரும் பல பக்கங்களில் இந்த அட்டை வேலை நடந்திருக்கவில்லை என்பது பார்த்த உடனே தெரிகிறது. கோடு நன்றாக இருக்கும். சம்பவம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஏழாவது கட்டம் மூன்றாவதாக வந்திருக்க வேண்டும்.

அந்த ஓராண்டு அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். லாஸ்ட் கேஸ்ப் பதிப்பகத்தை 1970-இல் தொடங்கியிருந்த ரான் டர்னர், புத்தகம் முடியும்வரை அவருக்கு மாதம் 150 டாலர் கொடுத்தார். அந்தக் காலத்துக்கும் அது பெரிய பணமில்லை. ஆனால் மாதாமாதம் வந்தது. சுயசரிதைக் காமிக்ஸ் என்ற துறையே பிறந்த கதையில் இந்த 150 டாலரைக் கிரம்பின் செல்வாக்குக்குச் சமமான இடத்தில் வைப்பேன்.

புத்தகத்தைத் திறந்ததும் வரும் படத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வளர்ந்த ஆளான கிரீன் தலைகீழாகத் தொங்குகிறார். கைகள் பின்னால் கட்டப்பட்டிருக்கின்றன. கீழே ஓர் அரிவாள். வாயில் பேனாவைக் கவ்விக்கொண்டு, நாம் படிக்கப்போகும் இதே காமிக்ஸை வரைந்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் ஆவே மரியா இசைத்தட்டு ஓடுகிறது. வாசகரைப் பார்த்து அவர் பேசுவதன் சாரம் இது: நான் 1958-இல் முறைப்படி மதத்தை விட்டேன், பிடி மட்டும் விடவில்லை, இதை உங்கள் பொழுதுபோக்குக்காக மட்டும் வரையவில்லை, என்னைக் கழுவிக்கொள்ளவும், என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்கள் தாங்கள் தனியாள் இல்லை என்று தெரிந்துகொள்ளவும் வரைகிறேன். பேச்சு கனமானது. படமோ சிரிப்பை வரவழைக்கிறது. வேதசாட்சிகளின் சித்திரவதைப் படங்களைப் பார்த்து வளர்ந்த கை, அதே பாணியில் தன்னைத் தொங்கவிட்டிருக்கிறது. ஒரே பக்கத்தில் வாசகருக்கு இரண்டு அனுமதிகளும் கிடைத்துவிடுகின்றன: நீங்கள் சிரிக்கலாம், ஆனால் நான் விளையாடவில்லை. இதற்குப் பிறகு வரும் எந்தப் பக்கத்திலும் அவர் தன்னைப் பரிதாபத்துக்குரியவராகக் காட்ட வேண்டிய அவசியம் வரவில்லை.

அடுத்தது அந்தக் கதிர்கள். ஓவியப் பள்ளியில் பெர்ஸ்பெக்டிவ் கற்ற எல்லோருக்கும் அந்தக் கோடுகள் பழக்கமானவை. ஒரு தெருவை வரையும்போது தூரத்துப் புள்ளியை நோக்கிப் பென்சிலில் இழுத்துவிட்டு, மை போட்டதும் ரப்பரால் அழித்துவிடுகிறோமே, அவைதான். கிரீன் அவற்றை அழிக்காமல் விட்டார் என்பது என் வாசிப்பு. சுவரைத் துளைத்துக்கொண்டு, வீதியைக் கடந்து, கோவில்வரை நீளும் நேர்கோடுகள். இடத்தை ஒழுங்காகக் காட்டுவதற்காக ஐரோப்பிய ஓவியம் கண்டுபிடித்த கருவியை எடுத்து, ஒழுங்கு மீறிய பயத்தைக் காட்டுவதற்குப் பயன்படுத்திவிட்டார். நோயாளியின் தலைக்குள் நடப்பதை உரைநடையில் எழுதியிருந்தால் பத்துப் பக்கம் விளக்க வேண்டியிருக்கும். இங்கே சிறுவன் கையை நீட்டுகிறான், கோடு கிளம்புகிறது, புரிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு வரையக்கூடிய உருவம் கண்டுபிடிப்பதுதான் நம் தொழிலில் ஆகக் கடினமான வேலை. அதைச் செய்து முடித்தவரைத் துணிச்சல்காரர் என்று மட்டும் புகழ்வது குறைத்துச் சொல்வதாகும்.

பாத்திரத்துக்குத் தன் பெயரை வைக்காமல் பிங்கி என்று வைத்ததையும் கவனிக்க வேண்டும். அந்தப் பெயர் ஒரு சிறிய இடைவெளியைக் கொடுத்தது. அந்த இடைவெளியில் நின்றுகொண்டுதான் சம்பவங்களை வெட்டவும் ஒட்டவும் பெரிதுபடுத்தவும் அவரால் முடிந்தது.

விளைவு உடனே தெரிந்தது. பிரதிகள் ஐம்பதாயிரத்தைத் தாண்டி அச்சாயின. அதே 1972-இல், 'ஃபன்னி அமினல்ஸ்' என்ற தொகுப்புக்குப் படைப்பு கேட்டு ஆர்ட் ஸ்பீகல்மேனை அணுகியவரும் கிரீன்தான். ஸ்பீகல்மேன் மூன்று பக்கம் வரைந்து கொடுத்தார். எலிகளாக வரையப்பட்ட யூதர்கள், நாஜி முகாமிலிருந்து தப்பிய தந்தையின் கதை. அந்த மூன்று பக்கம் பின்னால் 'மவுஸ்' ஆக வளர்ந்து 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. பிங்கி பிரவுன் இல்லாமல் மவுஸ் இல்லை என்பதை ஸ்பீகல்மேனே ஒப்புக்கொண்டவர். 1972-இன் கடைசியில் வந்த 'விம்மன்ஸ் காமிக்ஸ்' முதல் இதழில் ஆலின் கொமின்ஸ்கி தன் கதையைக் கோல்டி என்ற பெயரில் வரைந்தார். கிரீனைப் படித்ததால் கிடைத்த தெம்பு அது. இன்று கிராஃபிக் நாவல் அலமாரியில் பாதி இடத்தைப் பிடித்திருக்கும் 'நான்' கதைகளின் வேர் இங்கே இருக்கிறது.

வேருக்கு என்ன கிடைத்தது? 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மில்லர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆபாசம் எது என்பதை அந்தந்த வட்டார மக்களின் அளவுகோலை வைத்து முடிவு செய்யலாம் என்றாகிவிட்டது. எந்த ஊரில் எந்தப் புத்தகத்துக்காக உள்ளே போக வேண்டியிருக்குமோ என்று ஹெட் ஷாப்காரர்கள் பயந்தார்கள். விற்பனை வலை அறுந்தது. ஸ்பீகல்மேனும் பில் கிரிஃபித்தும் நடத்திய 'ஆர்கேட்' இதழிலும் கிரீன் வரைந்தார். அதுவும் 1976-உடன் நின்றது. பிங்கி பிரவுனின் அளவுக்குத் தாக்கம் கொண்ட இன்னொரு புத்தகம் அவரிடமிருந்து வரவில்லை. மாதம் பிறந்தால் பணம் வரும் என்று நம்பி உட்கார்ந்து வரைய அப்படியொரு ஆண்டு அவருக்கு மறுபடி அமையவும் இல்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அவர் போர்டு எழுதப் போனார். கடைப் பெயர்ப் பலகை, கண்ணாடி, சுவர் என்று எனாமலும் பிரஷும் வைத்துச் செய்யும் வேலை. பெரும்பாலான வாழ்க்கைக் குறிப்புகள் இதை ஒரே வரியில், இறங்குமுகமாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடும். அந்த வரி எனக்கு உறுத்துகிறது. ஓவியப் பள்ளியில் படித்தவர், ஒரு துறையைத் தொடங்கி வைத்தவர், போர்டு எழுத்தைத் தரக்குறைவாகக் கருதவில்லை. அதைக் கற்றார், அதன் வரலாற்றைத் தேடினார், அதைப் பற்றியே காமிக்ஸும் வரைந்தார். 1980-களின் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள், 'சைன்ஸ் ஆஃப் தி டைம்ஸ்' என்ற இதழில் 'சைன் கேம்' என்ற தொடர் வந்தது. அது விளம்பரப் பலகைத் தொழில் செய்பவர்களுக்காக 1906 முதல் நடக்கும் தொழில் இதழ். எழுத்தின் இடைவெளி, பிரஷ் பிடிக்கும் விதம், ஏணிமேல் படும் பாடு, வாடிக்கையாளரிடம் பேசும் பேச்சு எல்லாம் கட்டம் கட்டமாக வந்தன. கணினி வெட்டிக் கொடுக்கும் வினைல் எழுத்து அந்த ஆண்டுகளில்தான் அமெரிக்கக் கடைத்தெருவில் புகுந்து கையெழுத்துக்காரர்களை வெளியே தள்ளியது. ஃபிளெக்ஸ் வந்த பிறகு நம் ஊரில் சுவரும் போர்டும் எழுதியவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொடரின் அடியில் இருக்கும் வருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. 1992 முதல் 2002 வரை டவர் ரெக்கார்ட்ஸ் கடையின் 'பல்ஸ்' பத்திரிகையில் இசைக்கலைஞர்களின் வாழ்க்கையைப் பக்கம் பக்கமாக வரைந்ததும் இதே கைதான்.

2009-இல் மக்ஸ்வீனிஸ் பதிப்பகம் பிங்கி பிரவுனை அசல் பக்கங்களின் அளவிலேயே, அசல்களைப் படமெடுத்து வெளியிட்டது. வரையும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அந்தப் பதிப்பைப் பார்க்க வேண்டும். தாள் பழுத்திருப்பது தெரிகிறது. வெள்ளை பூசித் திருத்திய இடம் தெரிகிறது. மலிவுத் தாளில் அடைத்துக் கறுத்துப்போன நிழல்கள் எல்லாம் அங்கே ஒவ்வொரு கோடாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு மூலையிலும் அவசரம் இல்லை. உணர்ச்சி வேகத்தில் கொட்டியது என்று யாராவது இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னால், இந்தப் பக்கங்களை அவர் பார்த்ததில்லை என்று பொருள்.

காமிக்ஸுக்கும் தொழில் இதழுக்கும் சம்பந்தமில்லை என்று நம் ஆசிரியர் குழுவிலும் ஒரு கருத்து இருந்தது. ஒரு தொழில் இதழ் ஜஸ்டின் கிரீனுக்கு மாதந்தோறும் இடம் கொடுத்தது என்பது அந்தப் பேச்சை முடித்துவைத்தது. அடுத்த இதழிலிருந்து கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தை வாசகர்களுக்கு விடுகிறோம். போர்டு எழுதுபவர், பத்திரிகைக்குப் படம் போடுபவர், கோவில் சுவரில் வண்ணம் தீட்டுபவர், திருமண அழைப்பிதழ் வடிவமைப்பவர் என்று யாராக இருந்தாலும் சரி, உங்கள் வேலையில் நடந்த ஒன்றைக் காமிக்ஸாக வரைந்து அனுப்பலாம். கறுப்பு வெள்ளையில், ஒரு பக்கத்துக்குள், எழுத்தும் கையெழுத்தாகவே இருக்கட்டும். அசலை உங்களிடமே வைத்துக்கொண்டு 600 டிபிஐ ஸ்கேனை அனுப்பினால் போதும். பதிப்புரிமை உங்களுடையது. பக்கத்தை ஏற்றுக்கொண்ட அன்றே சன்மானம் அனுப்பப்படும். அச்சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.