வழுக்கும் கயிறும் நிற்கும் முடிச்சும்

கணக்குப் புத்தகம் பார்க்க வரும் ஆய்வாளருக்குக் கயிற்றைப் பற்றி எழுத என்ன உரிமை என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமே. ஆயினும் நஷ்டக் கணக்கில் ஏறும் தொகைகளுள் சில, ஒரு முடிச்சு அவிழ்ந்ததனால் ஏற்பட்டவை என்பதைக் கண்ணாரக் கண்ட பின்னரே இதனை எழுதத் துணிந்தேன்.

சென்ற ஐப்பசியில் ஒரு சங்கத்திற்குச் சென்றிருந்தேன். களத்தில் அடுக்கிய நெல் மூட்டைகளின்மீது தார்ப்பாய் விரித்து, அதன் ஓரத்து வளையங்களில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கயிற்றைக் கோத்து, நுனியில் முடிச்சிட்டிருந்தனர். இரவு காற்றில் பாய் படபடத்தது. பதினொரு மூட்டைகள் நனைந்தன. காவற்காரர் சரியாகக் கட்டவில்லை என்று அவருடைய சம்பளத்தில் பிடித்தம் செய்ய நிர்வாகக் குழு தீர்மானித்திருந்தது. நான் கயிற்றை வாங்கிப் பார்த்தேன். எங்கும் அறவில்லை, நைந்த இடமும் இல்லை. முடிச்சுதான் இல்லை. தம் தந்தையார் தேங்காய் நார்க் கயிற்றில் போட்ட அதே முடிச்சைத்தான் தாமும் போட்டதாக அந்த முதியவர் கூறினார். அவர் கூறியது உண்மை என்றே நம்புகிறேன். கோளாறும் அதில்தான் இருக்கிறது.

நாரும் சணலும் பருத்தியும் குட்டையான இழைகளைச் சேர்த்து முறுக்கியவை. அவற்றின் மேற்பரப்பில் பிசிறு உண்டு. பிசிறு பிசிறைப் பற்றிக்கொள்ளும். சணலும் பருத்தியும் நனைந்தால் உப்பி, முடிச்சு மேலும் இறுகும். செயற்கைக் கயிற்றின் இழைகளோ பெரும்பாலும் அறுபடாத நீண்ட இழைகள்; மேற்பரப்பு கண்ணாடி போன்றது. நைலான் பாரம் ஏறும்போது நீண்டு மெலிகிறது. பாரம் நீங்கியதும் சுருங்குகிறது. இவ்வாறு மாறி மாறி நிகழ, முடிச்சு தானாகவே தளர்கிறது. நெசவாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பருத்தி நூலில் நிற்கும் முடிச்சு வழுவழுப்பான பாலியெஸ்டர் இழையில் நழுவுவதைத் தறியில் அமர்ந்தவர் எவரும் அறிவர்.

அமெரிக்கரான கிளிஃபோர்டு ஆஷ்லி 1944 இல் வெளியிட்ட முடிச்சு நூலில் இதற்கு ஏற்ற முடிச்சு ஒன்று உண்டு. சுமார் 1910 இல் சிப்பி எடுக்கும் படகொன்றில் பருத்த முடிச்சு ஒன்றைத் தொலைவிலிருந்து பார்த்து, அதைப் போலச் செய்ய முயன்றபோது அவருக்கு அது கைவந்தது. பின்னர் அருகிற் பார்த்தபோது, படகில் இருந்தது நனைந்து உப்பிய சாதாரண எட்டு வடிவ முடிச்சே! நல்ல தவறு.

அதைப் போடும் விதம் இது. நுனியில் ஒரு முழம் விட்டு, நீண்ட பக்கத்தை இழுத்தால் மூடிக்கொள்ளும்படியான சுருக்கு ஒன்று போடுக. சுருக்கின் கழுத்தைச் சற்றே இறுக்கியபின், மீந்த நுனியைக் கண்ணுக்குள் நுழைக்கவும். இனி நீண்ட பக்கத்தை இழுத்தால் கண் மூடி, நுனியைக் கவ்விப் பிடிக்கும். சரியாக அமைந்தால், வளையத்தின்மேல் அமரும் பக்கத்தில் மூன்று இதழ்கள் தெரியும். தெரியாவிடில் அவிழ்த்து மீண்டும் போடுக. வெளியே நிற்கும் வால் கயிற்றின் பருமனைப்போல் பத்து மடங்காவது இருத்தல் வேண்டும். வாலைக் குட்டையாக வெட்டுவதில் காட்டும் சிக்கனம் எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு வழக்கத்தையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. கயிற்றின் நுனியைத் தீயில் உருக்கிவிட்டு, அக்குமிழே தடையாக நிற்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அது நுனி பிரியாமல் காப்பதற்கு மட்டுமே பயன்படும். உருகிய சொட்டு விரலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும் என்பது தனி விஷயம்.

முடிச்சை இழுத்துப் பார்த்துத் திருப்தியடைவதும் போதாது. இழுக்கும்போது எந்த முடிச்சும் நிற்கும். காற்று இழுப்பதில்லை, உதறுகிறது. ஆகவே கயிற்றை நூறு முறை உதறிப் பார்க்க வேண்டும். சங்கங்கள் கயிறு வாங்குகையில் விலைப்பட்டியலை மட்டும் ஒப்பிடாமல், ஒவ்வொரு வகையிலும் இரண்டு முழத் துண்டு வாங்கி, முடிச்சிட்டு உதறிய பின்னரே முடிவு செய்யலாம். மிக வழுவழுப்பானது மலிவாகக் கிடைத்தாலும் தார்ப்பாய்க்கு வாங்கலாகாது என்பது என் துணிபு.

காவற்காரரின் பிடித்தத்தை ரத்துச் செய்யுமாறு என் அறிக்கையில் எழுதினேன். குழு ஒப்புக்கொண்டது. மறுநாள் காலை நாங்கள் இருவரும் களத்தில் அமர்ந்து அம்மஞ்சள் கயிற்றிலேயே புதிய முடிச்சைப் போட்டுப் பார்த்தோம். மூன்றாம் முறை அவருடையது என்னுடையதைவிட நன்றாக அமைந்தது.