நான்கு நாள் பிழைத்த மீன் போதாது

ஆலைக் கழிவுநீரை ஆற்றில் விடலாமா என்று பார்க்க நம் நாட்டில் ஒரு மீன் சோதனை உண்டு. வேறு தண்ணீர் கலக்காத கழிவுநீரில் மீன்களை விடுவார்கள். 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடிருந்தால் கழிவுநீர் தேறிவிடும். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள அளவுகோல் இது. மீன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: உடனே கொல்லும் நஞ்சைக் கண்டுபிடிக்க இது நல்ல சோதனை. மெல்லக் கொல்லும் நஞ்சு இதில் சிக்காது.

தொட்டியின் முன் நின்று நாங்கள் பார்ப்பது இரண்டுதான். செவுள் மூடி அசைகிறதா? வாலடியைத் தொட்டால் மீன் துள்ளுகிறதா? இரண்டும் இல்லையென்றால் செத்ததாகக் கணக்கு. அந்த நான்கு நாளும் மீனுக்கு இரை போடுவதில்லை. ஆகவே இரை வழியாக உடம்பில் சேரும் நஞ்சு கணக்கிலேயே வராது. பிழைத்த மீன் முட்டையிடுமா, முட்டை பொரியுமா, குஞ்சு கூன் விழாமல் வளருமா என்ற கேள்விக்கும் அங்கே இடமில்லை.

கனடாவில் கேரன் கிட் என்ற விஞ்ஞானியின் குழு இந்தக் கேள்வியை ஒரு முழு ஏரியிடமே கேட்டது. ஒன்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய 260ஆம் எண் ஏரியில், 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகாலம் எத்தினைல் எஸ்ட்ரடையாலைக் கலந்தார்கள். கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கைப் பெண் ஹார்மோன் அது. சிறுநீரோடு சாக்கடைக்குப் போய், சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டி நீர்நிலைக்கு வருவது. ஏரியில் இருந்த அளவு, நூறு கோடி லிட்டருக்கு ஐந்தாறு கிராம். நான்கு நாள் சோதனையில் இந்த அளவுக்கு மீன் சாகாது. ஆனால் அந்த ஏரியில் ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனின் ஆண்கள், முட்டைக்கான மஞ்சள்கருப் புரதத்தைச் சுரக்கத் தொடங்கின. குஞ்சுகள் வரத்து நின்று, அந்த இனமே ஏரியில் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. இரை குறைந்ததால் பெரிய ட்ரவுட் மீன்களும் குறைந்தன. ஹார்மோனை நிறுத்திய பின் சில ஆண்டுகளில் மின்னோ மீண்டும் பெருகியது. எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். காலத்தில் கண்டுபிடித்தால் காப்பாற்ற முடிகிறது.

ஒவ்வொரு ஆலைக்கும் ஓர் ஏரியைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. கருவுற்ற முட்டைகளை உடனே சோதனை நீரில் இட்டு, பொரிந்த பின்னும் ஏறத்தாழ ஒரு மாதம் குஞ்சுகளை வளர்த்து, நல்ல நீரில் வளர்ந்தவற்றோடு நீளம், எடை, ஊனம் எல்லாம் ஒப்பிடும் முறை உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பெரிதும் பயன்படும் வரிக்குதிரை மீன் நம் இந்திய ஓடைகளில் பிறந்தது.

நம் ஆற்று மீன்கள் பல, புதுவெள்ளம் வந்ததும் ஏறிப்போய் முட்டையிடும். மழையோடு மழையாகக் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது ஆற்றோர ஊர்களில் நான் அடிக்கடி கேட்ட புகார். அது உண்மையானால், நஞ்சு வந்து சேர்வது முட்டையும் குஞ்சும் இருக்கும் நேரத்தில். வளர்ந்த மீனை வைத்துக் கொடுக்கும் சான்றிதழ் அங்கே எதற்கு உதவும்?

முட்டையிலிருந்து தொடங்கும் சோதனைக்குச் செலவு அதிகம், நாளும் அதிகம் என்பார்கள். இரண்டும் உண்மை. அந்தச் செலவை ஆலைதான் ஏற்க வேண்டும். இல்லையென்றால் மீன்பிடிப்பவரின் வலை ஏற்கும். சோதனையைச் செய்யும் பொறுப்பைத் தூத்துக்குடி, பொன்னேரி மீன்வளக் கல்லூரிகள் போன்ற இடங்களுக்குக் கொடுக்கலாம். எல்லா ஆலைக்கும் ஒரே நாளில் வேண்டாம்; மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி ஆலைகளில் ஆண்டுக்கு ஒருமுறை என்று தொடங்கட்டும், அதுவும் மழைக்காலத்தில் எடுத்த கழிவுநீரை வைத்து.